துப்பாக்கிக் குழலின் நிறம்

போடியிலிருந்து மூணாறு போகும் மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் ஏறி முடித்துக் கேரளத்துக்குள் நுழையும் இடம் போடிமெட்டு. ஆடி மாதத்தில் கிழக்கே தேனிப் பக்கம் வறண்ட காற்று வீசும். அதே நேரத்தில் மேற்கே பூப்பாறை, சின்னக்கானல் ஏலத்தோட்டங்கள் மழையில் ஊறிக்கொண்டிருக்கும். மெட்டில் நாள் முழுக்க மூடுபனி. இரும்புக்கு இதைவிடப் பொல்லாத இடம் தேடினாலும் கிடைக்காது. இப்படிப்பட்ட ஊரில் பரம்பரையாக வந்த பழைய துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தால், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அந்தக் காலத்து முறையிலேயே கருநீலம் ஏற்றிப் புதிதாக்கிவிடலாம் என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்தக் கருநீலத்தின் வரலாறே அந்த ஆசைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பது என் கட்சி.

முதலில், அந்த நிறம் சாயமும் அல்ல, பூச்சும் அல்ல, அதுவும் துருதான். தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக்கிய குழலின்மேல் அமிலக் கரைசலை மெல்லத் தடவி ஈரக்காற்றில் வைப்பார்கள். சில மணி நேரத்தில் செந்துரு மெல்லிய பொடியாகப் பூக்கும். ஐரோப்பியக் கொல்லர்கள் அப்படியே விட்டுத் துடைத்து எண்ணெய் போட்டபோது அது பழுப்புக் குழல் ஆனது. பின்னால் வந்தவர்கள் அந்தக் குழலைக் கொதிநீரில் இட்டார்கள். செந்துரு கருந்துருவாக, அதாவது மாக்னடைட்டாக மாறியது. மேலே ஒட்டாமல் நிற்கும் பொடியை மெல்லிய கம்பித் தூரிகையால் நீக்கிவிட்டு மறுபடி கரைசல், மறுபடி ஈரம், மறுபடி கொதிநீர். இப்படிப் பல சுற்று போனால்தான் நிறம் ஆழ்ந்து நிற்கும். செந்துரு பொருக்காக உரிந்து அடுத்த அடுக்கு இரும்பைக் காற்றுக்குக் காட்டும். கருந்துரு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். துருவைக் கொண்டே துருவை மறிக்கும் இந்த வேலைக்கு ஈரம்தான் முக்கியமான கருவி. வறண்ட ஊர்களில் இதற்காகவே ஈரப்பெட்டி செய்து வைத்துக்கொண்டார்கள். போடிமெட்டில் அந்தச் செலவு மிச்சம்.

ஆனால் பழைய துப்பாக்கிகளெல்லாம் பிறக்கும்போதே கறுப்பாக இருந்தன என்று எண்ணினால் அது பிழை. பாளையக்காரர் போர்களில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் புழங்கியது ‘இந்தியா பேட்டர்ன்’ மஸ்கட். 39 அங்குலக் குழல். கம்பெனிக்காக உருவான அந்த மாதிரியைத்தான் 1790களில் பிரிட்டிஷ் ராணுவமே தனக்கும் எடுத்துக்கொண்டது. அதன் குழல் பளபளவென்று வெள்ளை இரும்பாகவே இருந்தது. சிப்பாய்கள் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்தப் பளபளப்பைக் காப்பாற்றினார்கள். அணிவகுப்புக்கு அழகு, குழலுக்குத் தேய்மானம். பழுப்பேற்றும் வழக்கம் படை முழுதும் பரவியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். எதிரணியில் பாளையக்காரர் வீரர்களிடம் நீண்ட ஈட்டிகளோடு திரித்துப்பாக்கிகளும் இருந்தன. அந்தப் போர்களின் முடிவில், 1801 அக்டோபரில் அவர்களின் தலைவர்களான மருது சகோதரர்களும் நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாண்டி நாட்டு மக்களின் கையிலிருந்து ஆயுதங்களைப் பறித்தது. அந்தக் காலத்துக் குழல் ஒன்று தப்பிப் பிழைத்திருந்து, அதற்கு இன்று கருநீலம் ஏற்றினால், அது தன் வாழ்நாளில் அணிந்திராத உடையை அதற்குப் போடுவதாகும்.

மலைக்கு மேலே கதை வேறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கிய பிறகு தோட்டத்துரைகள் வந்தார்கள், வேட்டையும் வந்தது. இன்றைய இரவிகுளம் தேசியப் பூங்கா அவர்கள் தங்களுக்கென்று காத்துவைத்த வேட்டைக்காடு. இங்கிலாந்தில் செய்தவையும், சென்னை பி.ஆர். அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் பெயர் பொறித்து விற்றவையுமான இரட்டைக்குழல் துப்பாக்கிகள் உண்மையிலேயே கறுப்புக் குழலோடு வந்தவை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 20ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகள் கண்டுகொண்ட குறுக்குவழி, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த கொதிகரைசலில் குழலை முக்கி எடுப்பது. அரை மணியில் வேலை முடிந்துவிடும். ஆனால் இரண்டு குழல்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஈயப்பற்றை அந்தக் கரைசல் அரித்துவிடும். அதனால்தான் இரட்டைக்குழலுக்கு மட்டும் பழைய மெதுவான துருமுறையே கதி என்று ஆனது. அந்தப் பொறுமை இல்லாதவர் கையில் குழல்கள் பிரிந்துபோகும்.

அப்படியென்றால் துரைமார் காலத்திலேயே பட்டறைக்கு அனுப்பி மறுபடி மறுபடி நிறம் ஏற்றினார்களே, அதை இப்போது செய்தால் மட்டும் என்ன குற்றம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்று அது புழங்கும் கருவி. நிறம் போனால் ஏற்றுவது பராமரிப்பு. இன்று அது சாட்சிப் பொருள். நிறம் ஏற்றுவதற்கு முன்னால் மேற்பரப்பை மழமழவென்று இழைத்தாக வேண்டும். வரலாறு போவது அந்த இழைப்பில்தான். கம்பெனிக் குழல்களில் இதய வடிவ முத்திரையும், 1808க்குப் பிறகு சிங்கமும் இருக்கும். முத்திரை ஒரு மயிரிழை ஆழம்தான். உப்புத்தாள் நாலு முறை போய் வந்தால் சிங்கம் இருந்த இடம் வெறும் மழுப்பலாக நிற்கும்; துப்பாக்கியின் வயதைச் சொல்ல ஆளில்லை.

இன்னொரு மறுப்பு, மலைக்காரர்கள் சொல்வது: இந்தப் பனியில் சும்மா விட்டால் முத்திரையோடு குழலும் சேர்ந்து அரித்துப் போகாதா? போகும்தான். ஆனால் கருநீலம் அதைத் தடுக்கும் என்பது பாதி உண்மை. கருந்துருப் படலம் மிக மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. காப்பது அது பிடித்துவைத்திருக்கும் எண்ணெய். எண்ணெய் காய்ந்த கருநீலக் குழல் மூணாறு மழையில் சீக்கிரமே செந்துரு கக்கும். ஆகவே செய்ய வேண்டியது எண்ணெயில் நனைத்த துணியால் பொருக்கை மட்டும் எடுப்பது, அருங்காட்சியகங்கள் செய்வதுபோல் மெழுகு பூசுவது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தோலுறையிலிருந்து வெளியே எடுத்து வைப்பது. இதற்கெல்லாம் அமிலமும் வேண்டாம், ஈரப்பெட்டியும் வேண்டாம்.

கைத்தொழில் அழிந்துவிடுமே என்ற கவலைதான் மறுப்புகளில் எனக்குக் கனமாகப்படுவது. இத்தகைய கரைசல்களில் சேரும் மயில்துத்தமும் அன்னபேதியும் திராவகமும் தமிழர்களுக்கு நாட்டு மருந்திலும் பட்டறையிலும் பழகிய சரக்குகள். வடக்கே கருக்கிய எஃகில் பொன்கம்பி பதிக்கும் கோஃப்ட்கரி இன்றும் நடக்கிறது. இரும்புக்கு நிறமேற்றும் கை நமக்கு அந்நியமல்ல. ஆனால் அந்தக் கையைப் பழக்க அரிவாள், கத்தி, கதவுக் கீல் என்று எவ்வளவோ இரும்பு இருக்கிறது. துப்பாக்கியின் விஷயத்தில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1878இன் ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம், துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே உரிமம் கேட்கிறது. அதன் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதைத் தடை செய்கிறது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் வீட்டிலிருக்கும் குழல் அந்த விலக்குக்குள் வருகிறதா என்று பார்க்க வருகிறவர் முதலில் தேடுவது, உப்புத்தாள் போட்டவர் தேய்த்தெடுத்த அதே முத்திரையைத்தான்.