சஃபையர் (திரைப்படம்)

சஃபையர் 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த பிரித்தானியக் கொலை மர்மத் திரைப்படமாகும். பேசில் டியர்டன் இயக்கிய இப்படத்தை மைக்கேல் ரெல்ஃப் தயாரித்தார். திரைக்கதையை எழுதியவர் ஜேனட் கிரீன். நைஜல் பேட்ரிக், மைக்கேல் கிரெய்க், யுவோன் மிட்செல், பால் மேசி, ஏர்ல் கேமரன் முதலியோர் நடித்துள்ளனர். சிறந்த பிரித்தானியத் திரைப்படத்துக்கான பாஃப்டா விருதை இது பெற்றது.

பின்னணி

1948 இல் விண்ட்ரஷ் கப்பல் வந்தது முதல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பலர் இலண்டனில் குடியேறினர். 1958 ஆம் ஆண்டு கோடையின் இறுதியில் நாட்டிங் ஹில் பகுதியில் இனக்கலவரம் மூண்டது. படம் வெளிவந்த 1959 ஆம் ஆண்டின் மே மாதத்தில் அதே பகுதியில் கெல்சோ காக்ரேன் என்னும் அன்டிகுவா நாட்டுத் தச்சர் வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. திரையில் கொலையாளி பிடிபட்டதை இத்துடன் ஒப்பிட்டு நோக்கலாம்.

கதைச்சுருக்கம்

எச்சரிக்கை: படத்தின் முடிவு கீழே தரப்பட்டுள்ளது.

ஹாம்ஸ்டெட் ஹீத் வெளியில் சஃபையர் ராபின்ஸ் என்னும் இசை மாணவியின் சடலம் கிடைக்கிறது. அவள் கருவுற்றிருந்தாள் என்பது தெரியவருகிறது. காதலன் டேவிட் ஹாரிஸ் கட்டடக்கலை மாணவன். உரோமில் பயிலும் உதவித்தொகை பெற்றிருந்த அவனை இத்திருமணம் தடுத்துவிடும் என அவனது குடும்பம் அஞ்சியிருந்தது. இறந்தவளின் அண்ணன், பர்மிங்காமில் மருத்துவராக உள்ள ராபின்ஸ், காவல் நிலையம் வரும்போதுதான் அவர் கறுப்பினத்தவர் என்றும், சஃபையர் வெள்ளையராகத் தன்னைக் காட்டிக்கொண்டு வாழ்ந்தவள் என்றும் காவலர்கள் அறிகின்றனர். வழக்கு மட்டுமல்லாது, அனைவரும் அவளைப் பற்றிப் பேசும் முறையும் அந்நொடியிலிருந்து மாறிவிடுகிறது.

ஐயம் முதலில் கறுப்பின இளைஞனான ஜானி ஃபிடில் மீது விழுகிறது. உண்மையில் கொலை செய்தவள் டேவிட்டின் தமக்கை மில்ட்ரெட். ராபின்ஸ் அவளது குழந்தைகளின் விளையாட்டுப் பொருளைக் கையில் எடுத்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்த வெறுப்பு வெடித்து வெளிப்படுகிறது.

இனம்

நிறவெறியைத் தீயவன் ஒருவனிடம் மட்டும் ஏற்றிச் சொல்லாமை இப்படத்தின் வலிமையாகும். விசாரிக்கும் அதிகாரி ஹஸார்ட் நடுநிலையாளர். அவரது துணை ஆய்வாளர் லியராய்டோ வெளிப்படையாகவே வெறுப்புக் காட்டுகிறார். விடுதி நடத்தும் பெண், முன்பே தெரிந்திருந்தால் இடம் தந்திருக்கமாட்டேன் என்கிறார். இவ்வாறு மறுப்பது அன்று சட்டப்படி குற்றமன்று; 1968 ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டமே வீட்டு வாடகையில் இதனைத் தடை செய்தது. பால் ஸ்லேட் என்னும் கறுப்பின வழக்கறிஞரும், பாதி வெள்ளையான பெண்ணைத் தான் மணக்க இயலாது என்கிறார்.

பாலினமும் பாலுணர்வும்

சஃபையர் படத்தில் பிணமாகவும் நிழற்படமாகவும் மட்டுமே வருகிறாள். அவளது கதையைப் பிறரே சொல்கின்றனர். அவளது உடைகளே சான்றுகளாகின்றன: வெளியே அடக்கமான ட்வீட் பாவாடை, உள்ளே சிவப்பு டாஃபெட்டா உட்பாவாடை. சிவப்பை அவளது 'உண்மையான' இனத்தின் அடையாளமாகக் காவலர் கருதுவதைப் படம் முழுமையாக மறுக்கவில்லை. நடன விடுதிக் காட்சியில், முரசொலி கேட்டதும் கறுப்பின இரத்தம் தன்னைக் காட்டிவிடும் என்ற கருத்து ஏறக்குறைய மெய்யாகவே காட்டப்படுகிறது. நிறவெறியைக் கண்டிக்க எடுக்கப்பட்ட படத்தில் இது பெருங்குறையாகும். சஃபையராக நடித்த யுவோன் பக்கிங்காம் வெள்ளை நடிகை என்பதும் கவனிக்கத்தக்கது.

மில்ட்ரெட் பாத்திரம் இதனினும் நுட்பமானது. கணவன் அருகில் இல்லாது இரட்டைக் குழந்தைகளுடன் பிறந்தகத்தில் வாழும் அவளது நிறவெறியில், தனக்குக் கிட்டாத இன்பத்தின் மீதான பொறாமையும் கலந்துள்ளது. யுவோன் மிட்செல் இதனைக் குரலை உயர்த்தாமலேயே பெரும்பாலும் உணர்த்துகிறார். எனினும் சமூகத்தின் குற்றம் இறுதியில் மனமுடைந்த ஒரு பெண்ணின் குற்றமாகச் சுருங்கிவிடுகிறது.

பிற

ஒருபாலுணர்வு இப்படத்தில் இடம்பெறவில்லை. ஜேனட் கிரீன் 1961 இல் டியர்டனுக்காக எழுதிய விக்டிம் அதனைக் கருப்பொருளாகக் கொண்டது. அப்போது ஆண்களிடையேயான பாலுறவு பிரித்தானியாவில் குற்றமாக இருந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967 இல் அது ஓரளவு தளர்த்தப்பட்டது. பெர்முடாவில் பிறந்த ஏர்ல் கேமரன் 2020 இல் தமது 102 ஆம் அகவையில் காலமானார்.