ஆஷ்டன் என்று யாரும் இல்லை

போன மாதம் ஒரு நாள் காலையில், நான் வேலை பார்த்த நூற்பாலையின் பழைய தொழிலாளி ஒருவர் மகனுடன் வீட்டுக்கு வந்தார். ரிங் ஃப்ரேமில் இருந்தவர். முகம் பிடிபடவில்லை. டோக்கன் நம்பரைச் சொன்னதும் ஆள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். சம்பளப் பிரிவில் காலம் தள்ளியவனுக்கு அப்படித்தான்.

"சார், பென்ஷன் விஷயமா அலையுறேன். வேலைக்குச் சேர்ந்த தேதிக்கு ஏதாவது ஆதாரம் இருந்தா நல்லதுன்னாங்க. மில்லு மூடியே ரொம்ப வருஷம் ஆச்சு. உங்ககிட்ட ஏதும் இருக்குமா?"

"உக்காருங்க அண்ணாச்சி, பாத்துருவோம்" என்றேன். ஆலை மூடிய சமயத்தில், பின்னால் யாருக்காவது உதவும் என்று சொல்லி மேனேஜர் என் பொறுப்பில் கொடுத்த கணக்கின் நகல் ஒன்று சிடியில் இருந்தது. பேரன் அதை அவன் கம்ப்யூட்டரில் போட்டான். லிப்ரே ஆபீஸில் திறந்தான். அரை நிமிஷத்தில் டோக்கன் நம்பர், பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த தேதி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அதை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம்.

அவர்கள் போன பிறகு பேரன் கேட்டான்: "தாத்தா, இது எந்த சாஃப்ட்வேர்ல பண்ணது? அந்தக் கம்பெனி இப்ப இருக்கா?"

"டிபேஸ். கம்பெனி 1991லேயே போயிடுச்சு" என்றேன். இன்னும் கொஞ்சம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவன் எழுந்து போய்விட்டான். அவனிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன். நம்மில் பலரும் ஒரு காலத்தில் டிபேஸ் த்ரீ ப்ளஸ் படித்தவர்கள்தானே.

கதை அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஆரம்பிக்கிறது. அங்கே நாசாவுக்காக விண்கலம் செய்யும் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி இருக்கிறது. சுருக்கமாக ஜே.பி.எல். செவ்வாய்க்குப் போன வைக்கிங் விண்கலத் திட்டத்தில் வேய்ன் ராட்லிஃப் என்ற என்ஜினியர் வேலை பார்த்தார். அவருடைய ஆபீசில் நண்பர்கள் கூடி ஃபுட்பால் ஆட்டங்களுக்குப் பந்தயம் கட்டுவார்கள். எந்த டீம் ஜெயிக்கும் என்று கணக்குப் போட ராட்லிஃப் பேப்பர் பேப்பராகப் புள்ளிவிவரம் சேர்த்தார். வீடெல்லாம் காகிதம். இதைக் கம்ப்யூட்டரில் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

ஜே.பி.எல்.லின் பெரிய யூனிவாக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஜே.பி.எல்.டி.ஐ.எஸ். என்று ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. தகவல்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, சாதாரண ஆங்கில வார்த்தைகளில் கட்டளை கொடுத்துத் தேடலாம். ஜாக் ஹாட்ஃபீல்ட் எழுத ஆரம்பித்து, ஜெப் லாங் வளர்த்தெடுத்தது அது. அதுவும் டைம்ஷேர் என்ற கம்பெனி வாடகைக்கு விட்ட 'ரிட்ரீவ்' என்ற புரோகிராமைப் பார்த்துச் செய்ததுதான். அரசாங்கக் காசில் செய்தது என்பதால் ஜே.பி.எல்.டி.ஐ.எஸ். பொதுச் சொத்து. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கோர்ட்டில் வரும்.

ராட்லிஃப் அந்தப் புரோகிராமின் போக்கை மாதிரியாக வைத்துக்கொண்டு, தன் வீட்டில் இருந்த ஐ.எம்.எஸ்.ஏ.ஐ. 8080 என்ற சின்னக் கம்ப்யூட்டருக்காக 1978இல் புதிதாக ஒன்றை அசெம்பிளி மொழியில் எழுதினார். ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் ஸ்பாக்கின் கிரகத்தை நினைத்து 'வல்கன்' என்று பெயர் வைத்தார். 1979இல் பைட் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, தானே விற்றார். வேலைக்கும் போய்க்கொண்டு, ஆர்டரும் அனுப்பி, வாங்கினவர்களுக்குப் பதிலும் சொல்வது ஒரு ஆளால் முடிகிற காரியமா? சோர்ந்து போனார்.

அப்போதுதான் ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி என்ற இரண்டு பேர் வந்தார்கள். சாஃப்ட்வேரை வாங்கி விற்கும் வியாபாரிகள். "நீ எழுது, நாங்கள் விற்கிறோம், உனக்கு ராயல்டி" என்பதுதான் ஒப்பந்தத்தின் சாரம். வல்கன் என்ற பெயர் ஹாரிஸ் கம்பெனியின் ஒரு சாஃப்ட்வேருக்கு ஏற்கெனவே இருந்ததால் புதுப் பெயர் தேவைப்பட்டது. ஹால் பாவ்லக் என்ற விளம்பரக்காரர் 'டிபேஸ் டூ' என்று வைத்தார். டிபேஸ் ஒன் என்று ஒன்று எந்தக் காலத்திலும் கிடையாது. இரண்டு என்றால், முதலாவதில் இருந்த தவறெல்லாம் திருத்தி வந்திருக்கிறது என்று ஜனங்கள் நினைப்பார்கள் அல்லவா?

கம்பெனிக்கும் அவரே பெயர் வைத்தார்: ஆஷ்டன்-டேட். டேட் என்பவர் இருந்தார். ஆஷ்டன் என்று யாரும் இல்லை. இரண்டு பெயர் சேர்ந்தால் கேட்கக் கனமாக இருக்கும் என்று வைத்ததுதான். ஆஷ்டன் யார் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தபின், ஒரு கிளி வாங்கி அதற்கு ஆஷ்டன் என்று பெயர் வைத்தார்களாம்.

1981இல் டிபேஸ் டூ வெளிவந்தது. விலை 695 டாலர். அடுத்த வருஷம் ஐ.பி.எம். பி.சி.யிலும் ஓடும்படி வந்ததும் விற்பனை எங்கேயோ போய்விட்டது. கம்ப்யூட்டர் தெரியாத கடைக்காரர், டாக்டர், வக்கீல் எல்லோருக்கும் சொந்தக் கணக்கைச் சொந்த மேஜையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டிய புரோகிராம் அது. 1983இல் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. 1984இல் டிபேஸ் த்ரீ வந்தது. டிபேஸ் டூவில் ஒரு ஃபைலில் 65,535 ரெக்கார்டுதான் வைக்கலாம், ஒரு ரெக்கார்டில் 32 கட்டம்தான். த்ரீயில் 128 கட்டம், ரெக்கார்டுக்கு எல்லையே இல்லை என்கிற மாதிரி. ஜே.பி.எல்.லில் பழைய புரோகிராமை வளர்த்த ஜெப் லாங்கும் இதற்குள் ஆஷ்டன்-டேட்டில் சேர்ந்திருந்தார்.

அதே 1984 ஆகஸ்டில் ஜார்ஜ் டேட் மாரடைப்பில் இறந்து போனார். வயது 40. அந்த வருஷமே எட் எஸ்பர் என்பவர் தலைமைக்கு வந்தார். ராட்லிஃபும் சில வருஷத்தில் விலகிவிட்டார். எழுதினவரும் இல்லை, விற்றவரும் இல்லை. ஆனால் பணம் கொட்டியது. 80களின் கடைசியில் வருஷ விற்பனை 30 கோடி டாலரைத் தாண்டியது.

எங்கள் ஆலைக்கு டிபேஸ் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று ஊரெல்லாம் பேசிய காலம். எங்கள் ஆபீசில் இருந்தது ஒரே ஒரு பி.சி., ஏ.சி. அறைக்குள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டிபேஸ் த்ரீ ப்ளஸ் ஒரு ஃப்ளாப்பியில் வந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அதற்கு நாங்கள் ஒரு பைசா கொடுக்கவில்லை. யாரோ யாரிடமிருந்தோ நகல் எடுத்தது. அது தப்பு என்றுகூட அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை.

கம்ப்யூட்டர் சென்டரில் படித்து வந்த இளைஞர் ஒருவர் ஒரு வாரம் சொல்லிக் கொடுத்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். திரையில் வெறும் ஒரு புள்ளி இருக்கும். அதன் பக்கத்தில் நாம் கட்டளையை அடிக்க வேண்டும். லிஸ்ட் என்றால் காட்டும், அப்பெண்ட் என்றால் சேர்க்கும், ரீப்ளேஸ் என்றால் மாற்றும். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு, கம்ப்யூட்டர் நான் சொன்னதைக் கேட்கிறது என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

ஒரு தடவை, விலகிப்போன சிலரை மட்டும் நீக்க வேண்டிய இடத்தில் 'டெலிட் ஆல்' என்று அடித்துவிட்டேன். 640 ரெக்கார்டும் நீக்கப்பட்டது என்று திரை சொன்னது. மறுநாள் சம்பளம். கை கால் நடுங்கியது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மதுரைக்குப் போன் போட்டேன். "அண்ணே, பேக் கொடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்பக் கவலையே படாதீங்க. ரீகால் ஆல்னு அடிங்க." அடித்தேன். 640 பேரும் திரும்பி வந்தார்கள். டிபேஸில் டெலிட் என்றால் அழிப்பது இல்லை. ரெக்கார்டுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைக்கும், அவ்வளவுதான். பேக் என்று நாம் சொன்னால்தான் உண்மையிலேயே போகும். அதை எழுதினவர் எங்களைப் போன்ற ஆட்களையும் நினைத்து எழுதியிருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இப்படி உலகம் முழுக்கப் பல பேர் அந்த மொழியைக் கற்றார்கள். அவர்களில் சிலர் அதே மொழி புரிகிற புரோகிராம்களைத் தாங்களே செய்தார்கள். நான்டக்கெட் கம்பெனியின் கிளிப்பர் ஒன்று. ஒஹாயோவில் டேவ் ஃபுல்டன் என்ற கல்லூரிப் பேராசிரியர் நடத்திய ஃபாக்ஸ் சாஃப்ட்வேரின் ஃபாக்ஸ்பேஸ் இன்னொன்று. டிபேஸில் எழுதினதை அப்படியே ஃபாக்ஸ்பேஸில் போட்டால் பல மடங்கு வேகமாக ஓடும்.

ஆஷ்டன்-டேட் அதற்கு என்ன செய்திருக்க வேண்டும்? தன் சரக்கை வேகமாக்கியிருக்க வேண்டும். 1988 கடைசியில் டிபேஸ் ஃபோர் வந்தது. மெதுவாக ஓடியது, நடுவில் நின்றது, தப்புக்குமேல் தப்பு. அதைத் திருத்தி அடுத்த பதிப்பு 1990 நடுவில்தான் வந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம். இடையில் ஜனங்கள் காத்திருக்கவில்லை, ஃபாக்ஸுக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் கேஸ் மட்டும் தாமதமில்லாமல் போட்டது. 1988 நவம்பரில், ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் மீது, டிபேஸ் எங்கள் சொத்து, அதைக் காப்பி அடித்துவிட்டார்கள் என்று. டிபேஸில் எழுதிப் பிழைத்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. நாம் கற்ற மொழி நமக்குச் சொந்தமில்லையா, நாளைக்கு நம் மேலும் கேஸ் வருமா என்று பயந்தார்கள்.

ஃபாக்ஸ் தரப்பு பழைய கதையைத் தோண்டி எடுத்தது. டிபேஸே ஜே.பி.எல்.டி.ஐ.எஸ். என்ற பொதுப் புரோகிராமிலிருந்து வந்தது. காப்பிரைட் பதியும்போது ஆஷ்டன்-டேட் அதைச் சொல்லவில்லை. 1990 டிசம்பரில் நீதிபதி டெரி ஹேட்டர், சொல்ல வேண்டியதை மறைத்ததால் டிபேஸ் காப்பிரைட்டே செல்லாது என்று தீர்ப்பளித்தார். வழக்குப் போட்டவனின் பத்திரமே செல்லாமல் போன கதை. 1991 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குள் எட் எஸ்பரின் பதவி போய்விட்டது. ஜூலையில் போர்லாண்ட் கம்பெனி ஆஷ்டன்-டேட்டை வாங்குவதாக அறிவித்தது. பணமாக அல்ல, 43.9 கோடி டாலர் மதிப்புள்ள பங்காக. அமெரிக்க நீதித்துறை அதற்கு ஒரு நிபந்தனை வைத்தது: டிபேஸ் மொழி எங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று இனி யார் மீதும் உரிமை கொண்டாடக் கூடாது. போர்லாண்ட் ஒப்புக்கொண்டது. மொழி, அதைக் கற்றவர்களிடமே தங்கிவிட்டது.

மறுவருஷம் ஃபாக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. எங்கள் ஆலையிலும் பிற்பாடு ஃபாக்ஸ்ப்ரோதான். எனக்குப் புதிதாகக் கற்க அதிகம் இருக்கவில்லை. பழைய ஃபைலையே அது திறந்தது. பிறகு 2007இல், இனிப் புதுப் பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் அதையும் முடித்துவைத்தது.

ஆனால் அந்த டி.பி.எஃப். ஃபைல் போகவில்லை. மேப் தயாரிப்பவர்கள் பயன்படுத்தும் ஷேப்ஃபைல் என்ற வகையில், இடங்களின் விவரங்கள் இன்றைக்கும் டி.பி.எஃப். ஃபைலில்தான் இருக்கின்றன. காரணம் எளிது. உள்ளே மறைப்பு எதுவும் இல்லை. மேலே கட்டங்களின் பெயர், அகலம். கீழே வரிசையாக எழுத்துகள். தேதிகூட வருஷம், மாதம், நாள் என்று எட்டு இலக்கமாக அப்படியே இருக்கும். நோட்பேடில் திறந்தாலும் பெயர் தெரியும்.

ஆஷ்டன்-டேட் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. அவர்கள் பொதுவில் இருந்து எடுத்ததைச் சொல்லாமல் விட்டார்கள். நாங்கள் அவர்களிடமிருந்து எடுத்ததற்குக் காசு கொடுக்காமல் விட்டோம். ஆனால் 640 பேரின் உழைப்புக் கணக்கு அவர்கள் செய்த பெட்டியில்தான் இத்தனை வருஷம் பத்திரமாக இருந்தது. அதற்கு ஒரு நன்றி சொல்ல நினைத்தேன். சொல்ல அங்கே ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

அந்த அண்ணாச்சி நேற்றுப் போன் செய்தார். தாளை வாங்கி ஃபைலில் சேர்த்துக்கொண்டார்களாம். இன்னும் உத்தரவு வரவில்லை. உங்களில் யாரிடமாவது பழைய ஆபீஸ் ஃப்ளாப்பியோ சிடியோ பரணில் கிடந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். யாருடைய சேர்ந்த தேதியாவது உள்ளே இருக்கலாம்.