கடலா? கரையா?

நடுவர் அவர்களே! சாதனைப் பயணத்தைப் பாதியில் முடிப்பது இயற்கைதான் என்று எதிரணி நண்பர் முழங்கினார். ஆழிக்குமரன் ஆனந்தனைச் சாட்சிக்கு அழைத்தார். ஒத்துக்கிறேன். வல்வெட்டித்துறைக்காரர். 1971-இல் பாக் நீரிணையைப் போக வர 51 மணி நேரத்தில் நீந்தியவர். 1984-இல் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார், கடல் கொண்டுபோய்விட்டது. வயசு 41.

ஆனா, குற்றாலீஸ்வரனை எந்தக் கடல் கொண்டுபோச்சு?

நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளை. மிஹிர் சென் 1966-இல் ஒரே ஆண்டில் 5 நீர்வழிகளை நீந்திக் கடந்தார். மீசை முளைக்காத இந்தப் பையன் 1994-இல் 6 கடந்தான்! அர்ஜுனா விருதும் வந்தது. அப்புறம்? கடல் நீச்சல் என்ன, வேட்டியை மடிச்சுக் கட்டிக் குதிக்கிற வேலையா? நீந்துறவரைத் தொடாமல் கூடவே படகு வரணும். படகோட்டி, பயிற்சியாளர், விமானக் கட்டணம்... அத்தனையும் காசு. கைகொடுக்க ஆள் கிடைக்கலை. நீச்சலை விட்டார், பொறியியல் படிக்கப் போனார். பெற்றவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். என் பிள்ளையா இருந்தா நானும் 'படிடா'ன்னுதான் சொல்லியிருப்பேன்!

இந்தப் பென்னலூர் ஏரியில் குதிக்கிற பசங்களைப் பாருங்க. சுத்திலும் எத்தனை தொழிற்சாலை! நாளைக்கு இதுல ஒருத்தன் 'கடலுக்குப் போறேன்'னு வந்து நின்னா, படகு வாடகையை யார் தருவாங்க? எதிரணி நண்பர் கடலைக் கேட்கட்டும். நான் கரையில் இருக்கிறவங்களைக் கேட்கிறேன், நடுவர் அவர்களே!