ஒரு செக்கனின் பெறுமதி

1846இல் தமது சுவாசமானியை விளக்கிய ஆங்கிலேய வைத்தியர் ஜோன் ஹச்சின்சன், அது நோயறிதற்கேயன்றி ஆயுட் காப்புறுதிக்கும் பயன்படுமெனக் கருதினார். மாலுமிகள், காவலர், மல்லர் எனப் பலருமாக 2,130 பேரை அளந்து, முழுமூச்சின் கனவளவு உயரத்தோடு கூடுவதைக் கண்டார். ஆயினும், எவ்வளவு காற்று என்றே அம்மானி கூறிற்று. எவ்வளவு விரைவில் என்று கூறவில்லை. நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியுற்றோர் பலர் போதிய காற்றை வெளிவிடவே செய்வர். ஒடுங்கிய குழாய்களூடாக அது மெல்ல மெல்லவே வரும். கனவளவை மட்டும் நோக்கின் அத்தகையோர் நலமுடையவராகவே தோன்றுவர்! பிரான்சில் திஃப்னோவும் பினெல்லியும் 1947இலேயே, விசையுடன் ஊதும் மூச்சின் முதற் செக்கன் அளவைத் தனியே கணித்தனர். நூறாண்டுத் தாமதம் வியப்புக்குரியதே. அந்த ஒரு செக்கனைக் கொண்டே, புகைத்தலைக் கைவிட்டோரிடம் நுரையீரலின் தேய்வு தணிவதை 1977இல் பிளெச்சரும் பீட்டோவும் காட்டினர். இழந்த மூச்சோ மீளவில்லை.