வாரிசுச் சேர்க்கை

ஒரு கல்லூரி தன்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளுக்கு மாணவர் சேர்க்கையில் காட்டும் சலுகையே வாரிசுச் சேர்க்கை. அமெரிக்காவின் பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்களில் இது ஏறத்தாழ நூறாண்டுகளாக இருந்து வருகிறது. அப்பா படித்த கல்லூரி என்ற பாசத்தில் தோன்றிய வழக்கம்போல இன்று பேசப்படுகிறது. அதன் பிறப்பு வேறு.

1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டு மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர். அவர்களில் பலர் குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள், தேர்வெழுதி இடம்பிடித்தவர்கள். இதைப் பொறுக்காத பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெல், யூதருக்கு 15 விழுக்காடு உச்சவரம்பு வேண்டும் என 1922இல் முயன்றார். வெளிப்படையான வரம்பைப் பேராசிரியர்கள் ஏற்கவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவம் மாறியது. இனம், நிறம், சமயம், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர், தந்தை பிறந்த ஊர் எல்லாம் கேட்கப்பட்டன. பிறந்த பிறகு உங்கள் பெயரோ தந்தையின் பெயரோ மாற்றப்பட்டதா என்றும் ஒரு கேள்வி; மாற்றியிருந்தால் முழுமையாக விளக்க வேண்டும். பெயரை மாற்றிக்கொண்ட யூதரும் தப்பிவிடக் கூடாது என்பதற்கான கண்ணி அது. மதிப்பெண்ணை ஓரங்கட்டிக் ‘குணநலன்’ பார்க்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்கான சலுகையும் விதியாக வேரூன்றியது.

காசுக்கும் கல்லூரிக்குமான உறவு அதைவிடப் பழையது. சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பெருஞ்செல்வம் சேர்த்தவர் எலிகு யேல். 1718இல் அவர் ஓர் அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்பிய சரக்கு மூட்டைகளை விற்றுச் சுமார் 560 பவுன் கிடைத்தது. அதற்கு நன்றியாகவே யேல் கல்லூரிக்கு அந்தப் பெயர்.

ஹார்வர்டின் சேர்க்கைக் கணக்கு, 2014இல் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கால் வெளியே வந்தது. வாரிசு விண்ணப்பதாரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் ஆறு பேருக்குத்தான். சேர்க்கப்பட்ட வெள்ளையினத்தவரில் 43 விழுக்காட்டினர் வாரிசுகள், விளையாட்டு வீரர்கள், பேராசிரியர் பிள்ளைகள், நன்கொடையாளர் போன்றோருக்கான தனிப்பட்டியலில் இருந்தவர்கள் ஆகிய பிரிவுகளில் ஒன்றிலாவது அடங்கியவர்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவரது குழுவினரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது: நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றாலும், உச்சத்து ஒரு விழுக்காட்டுப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை இத்தகைய பல்கலைக்கழகங்களில் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு, நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு இருப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இதைத் தகுதி என்று அழைப்பது அநியாயம்.

அதே 2023 ஜூனில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாதென அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பின மாணவருக்கிருந்த கைத்தாங்கல் போயிற்று; வாரிசுச் சலுகை அப்படியே நின்றது. அதைத் தாமாகவே கைவிட்டவையும் உண்டு: ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், வெஸ்லியன். எம்.ஐ.டி. அதைக் கருத்தில் கொள்வதே இல்லை. கலிபோர்னியா மாநிலம் 2024இல், மாநில அரசின் மாணவர் உதவித்தொகையைப் பெறும் தனியார் கல்லூரிகளிலும் தடை விதித்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமோ வாரிசுச் சேர்க்கையை விடாமல், 2025இல் அந்த உதவித்தொகைத் திட்டத்தை விட்டுவிட்டது.