ஸ்க்ரூடிரைவரிலிருந்து ஸ்கேனர் வரை: நம் ஊர் கார் ஷெட்டின் கதை



சென்ற பொதுக்குழு முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது பி பிளாக் நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், வண்டிக்கு வாரண்டி முடியப்போகுது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே விடலாமா, தெருமுனை மெக்கானிக்கிட்ட விடலாமா?" ஆளுக்கொரு பதில் சொன்னோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், நாற்பது வருஷத்துக்கு முன்னால் நம் ஊரில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று தோன்றியது. இந்தக் கேள்வி எப்படி வந்தது என்று பார்த்தால் பதிலும் ஓரளவு கிடைக்கும்.

சென்னையில் காரின் கதை மவுண்ட் ரோடில் ஆரம்பிக்கிறது. 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி குதிரை வண்டிகள் கட்டிக்கொண்டிருந்தது. 1903இல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். கார் என்பது துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் மட்டும் என்றிருந்த காலம் அது.

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஊரில் ஓடியவை பெரும்பாலும் மூன்றே வகை: அம்பாசடர், பியட், நம் வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அம்பாசடர் 1950களின் கடைசியில் வந்து 2014 வரை தயாரானது. அத்தனை வருஷத்திலும் அதன் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஒரு மெக்கானிக் இருபது வயதில் கற்ற தொழிலை வைத்துக்கொண்டு ரிட்டயர் ஆகும்வரை பிழைக்கலாம். பார்ட்ஸ் வேண்டுமா? ஜி.பி. ரோடு. அங்கே கிடைக்காவிட்டால் புதுப்பேட்டை.

நான் எண்பதுகளின் கடைசியில் பேங்கில் லோன் போட்டு ஒரு பழைய பத்மினி வாங்கினேன். மரத்தடி ஷெட்டில் இருந்த மெக்கானிக், ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். "டேப்பட் சத்தம் சார்" என்பார். சரியாகத்தான் இருக்கும். பாயிண்டை உப்புத்தாளில் தேய்ப்பார், கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதுவார், வண்டி கிளம்பிவிடும். பில் என்று ஒன்று கிடையாது. சிகரெட் அட்டையின் பின்னால் கணக்கு எழுதித் தருவார். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் தராத தொழிலில் இருந்த எனக்கு அது மட்டும் உறுத்தும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். அதோடு வந்த இன்னொன்றைப் பலர் கவனிக்கவில்லை: இத்தனை கிலோமீட்டருக்கு இந்த வேலை என்று அச்சடித்த சர்வீஸ் புத்தகம், அதற்கென்றே கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் ஸ்டேஷன்கள். சத்தம் வந்தால் ஷெட்டுக்கு ஓடிய நாம், சத்தம் வருவதற்கு முன்பே தேதி பார்த்து வண்டியை விட ஆரம்பித்தோம். என் பார்வையில் பெரிய மாற்றம் அதுதான்.

அடுத்த மாற்றம் புகையால் வந்தது. 2000 ஏப்ரலில் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் அமலானது. அதை ஒட்டி கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் முறை வந்தது. 2010 வாக்கில் ஓபிடி கட்டாயமானது. உங்கள் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே பாருங்கள், பதினாறு ஊசிகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை அதில் செருகினால்தான் கோளாறு என்னவென்று தெரியும். காதை நம்பிய மெக்கானிக்குகள் பலர் அதோடு கடையைச் சாத்தினார்கள். அந்தக் கருவியையும் ஒரிஜினல் பார்ட்ஸையும் பல கம்பெனிகள் வெளி ஷெட்டுகளுக்கு விற்கவில்லை.

இது சரியா என்று ஒருவர் 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. பார்ட்ஸும் கருவியும் வெளிச்சந்தையில் கிடைக்க வழி செய்யச் சொன்னது. வெளியில் ரிப்பேர் செய்தாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, அந்த ரிப்பேரால் கெட்டுப்போன பாகத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் சொன்னது. கம்பெனிகள் சில மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு இழுத்தது. ஆனாலும் இன்று ஸ்கேனர் வைத்திருக்கும் நல்ல ஷெட்டுகள் நம் ஏரியாவிலேயே இருக்கின்றன.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் பேஸ்மென்ட் நிரம்பியது பழைய குடியிருப்பாளர்களுக்கு மறக்காது. என் மெக்கானிக் போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சாவியத் தொடாதீங்க சார். இன்ஜின் உள்ள தண்ணி இருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்." தண்ணீர் வடிந்ததும் அவரே வந்து பேட்டரி ஒயரைக் கழற்றி, இன்னும் மூன்று வீட்டுக்காரர்களின் வண்டியையும் பார்த்துவிட்டுப் போனார். கஸ்டமர் கேர் நம்பரில் அன்று பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நண்பருக்கு இன்ஜினே போயிற்று. அந்தச் செலவை இன்சூரன்ஸும் தரவில்லை.

பி பிளாக் நண்பருக்கு என் பதில் இதுதான். வாரண்டி இருக்கும்வரை கம்பெனியிலேயே விடுங்கள், வீண் வழக்கு வேண்டாம். "ப்ரீ சர்வீஸ்" என்றால் கூலிதான் இலவசம், ஆயிலுக்கும் பில்டருக்கும் பணம் உண்டு என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். வாரண்டி முடிந்த பிறகு வெளி ஷெட்டை நம்பலாம். ஆனால் முதல் தடவையே பெரிய வேலை கொடுக்காதீர்கள், ஆயில் மாற்றக் கொடுத்துப் பாருங்கள். ஸ்கேனர் வைத்திருக்கிறாரா, எந்த கிரேடு ஆயில் ஊற்றப்போகிறார் என்று சொல்கிறாரா, கழற்றிய பழைய பார்ட்டைத் தயங்காமல் கையில் தருகிறாரா, பில்லில் பார்ட்டின் விலையும் கூலியும் தனித்தனியாக இருக்கிறதா என்று கவனியுங்கள். கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் வண்டி எடுக்கும் என்னைப் போன்றவர்கள் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அதுதான் பெரும்பாலான கார்களுக்குக் கணக்கு.

மரத்தடி மெக்கானிக்கின் மகன்தான் இப்போது அந்த ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் வண்டியை விட்டிருந்தேன். பழைய பில்டரை டிக்கியில் வைத்து, கம்ப்யூட்டர் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பார்ட்ஸும் கூலியும் தனித்தனியாக இருந்தன.