குருமனைப் புதல்வர்களும் அயர்லாந்துத் தேசியமும்

அயர்லாந்துத் தேசியத்தை உரோமன் கத்தோலிக்கத்தின் அரசியல் வடிவமென்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆயின் அதற்குக் கதையும் கனவும் வழங்கியோரில் பலர் சீர்திருத்தச் சபையினர். சிலர் குருமனையிலேயே வளர்ந்தவர்கள். பழம்பெரும் வீரன் கூகுலினின் வரலாற்றை 1878இல் எழுதத் தொடங்கிய ஸ்டாண்டிஷ் ஓகிரேடி ஒரு குருவானவரின் மகன். 1893இல் கேலிக் மொழிச் சங்கத்தின் முதல் தலைவரான டக்ளஸ் ஹைடும் அவ்வாறே. கவிஞர் யேட்ஸின் பாட்டனாரும் அவர்தம் தந்தையாரும் குருப்பட்டம் பெற்றவர்கள்.

இது தற்செயலன்று. 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால் அயர்லாந்துத் திருச்சபை அரசுச் சபை என்னும் நிலையை இழந்தது, நிலவுடைமையும் தளர்ந்துகொண்டிருந்தது. சிறுபான்மையினராகிய தாங்கள் இந்நாட்டுக்கு உரியவர்கள்தாமா என்ற வினா அவர்களை வருத்திற்று. எனவே சபைப் பிரிவினைக்கும், ஏன், திருமறைக்குமே முந்தியதோர் அயர்லாந்தைத் தேடினர். மண்மேடுகளுக்குள் வாழ்வதாக நம்பப்பட்ட 'ஷீ' என்னும் மாய மாந்தரைப் பற்றிக் குடியானவர் கூறிய கதைகளில் அதனைக் கண்டனர். கத்தோலிக்கக் குடிகளை மதமாற்ற முயன்ற குடும்பத்தில் பிறந்த கிரகோரி அம்மையார், அத்தகைய குடிசைகளிலே கதை கேட்பவராக அமர்ந்தார். அவர் திரட்டியவை 1920இல் இரு தொகுதிகளாக வெளிவந்தன.

யேட்ஸ் 1890இல் 'பொன் விடியல்' என்னும் மந்திரக் குழுவில் சேர்ந்தார். கீ ஏரித் தீவொன்றில் கெல்டிய மறைஞான மடம் அமைக்கவும் திட்டமிட்டார், அது கைகூடவில்லை. அவர் நண்பர் ஜார்ஜ் ரசலோ பிரம்மஞானி. தரிசனங்கள் கண்டதாகக் கூறிய அவரே 1897 முதல் ஊர் ஊராகச் சென்று உழவர் கூட்டுறவுக் கடன் வங்கிகளை அமைத்தார் என்பதை நகைப்போர் மறக்கலாகாது. இவ்வட்டத்தினரான ஜேம்ஸ் கசின்ஸ் 1915இல் சென்னை அடையாற்றுக்கே வந்து சேர்ந்தார்.

சபைகளைக் கடந்த தொன்மத்தை இவர்கள் நாடினர். கேட்டவர்களோ அதைத் தம் விசுவாசத்தின் வழியாகவே கேட்டனர். பேட்ரிக் பியர்ஸ் 1908இல் நிறுவிய தம் பள்ளியில் கூகுலினை மாணவர்முன் நிறுத்தினார். கத்தோலிக்கராகிய அவரது உள்ளத்தில் அவ்வீரனின் சாவும் கல்வாரிப் பலியும் ஒன்றாயின. 1916 ஏப்ரல் 24, உயிர்த்தெழுந்த திருநாளின் மறுநாள், கிளர்ச்சி வெடித்தது. மே 3இல் பியர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1915இல் சங்கம் அரசியல் நோக்கை ஏற்றபோது ஹைட் தலைமையைத் துறந்திருந்தார். எனினும் 1938இல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். 1949இல் டப்ளின் தூய பேட்ரிக் பேராலயத்தில் அவரது அடக்க ஆராதனை நடைபெற்றது. சீர்திருத்தச் சபை வழிபாட்டில் கலந்துகொள்ளத் தம் திருச்சபை விதித்த தடையினால், கத்தோலிக்க அமைச்சர்கள், ஒருவர் நீங்கலாக, ஆலயத்திற்கு வெளியே தங்கள் வண்டிகளில் காத்திருந்தனர்.